வண்டிக்கு எத்தனை டயர்?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் உண்டாக்கியதைச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். ஆம்பூர் பைபாஸ் ஓரம் சொந்த இடத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். வாணியம்பாடியில் ஒரு கிளை. ஆறு லாரி, அதில் நாலுக்கு டியூ முடிந்துவிட்டது. இரண்டு பெண்களை இன்ஜினீயரிங் படிக்கவைத்தேன். உப்புத் தோல் கட்டு தூக்கி முதுகெல்லாம் புண்ணோடு லோடுமேனாக ஆரம்பித்தவன், இன்றைக்குத் தோல் பதனிடும் டேனரி முதலாளிகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறேன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. லோன் கேட்டுப் போனபோது பேங்க்காரர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை அவரே வீடு தேடி வந்தார்.

புக்கிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று எங்கள் லாரி சங்கத்தின் மலருக்காகக் கேட்டார்கள். சொல்வது நான், எழுதுவது என் பெரிய பெண். அவள் அழகுக்காக எதையாவது சேர்த்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

1. கை மாறும் லோடு

டேனரிக்காரர் லோடை எங்களிடம் கொடுப்பார். எங்களிடம் அன்றைக்கு வண்டி இல்லையென்றால், வண்டி இருக்கிற இன்னொரு ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டுக் கமிஷன் எடுத்துக்கொள்வோம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சொந்த வண்டி இல்லாத காலத்தில் நானும் அப்படித்தான் பிழைத்தேன்.

கெடுகிற இடம் வேறு. லோடை வாங்கியவன் "என் சொந்த வண்டி" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் மூன்றாவது ஆளிடம் தள்ளிவிடுவான். வாடகை மேலிருந்து ஒவ்வொரு கையாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு கை மூடிக்கொண்டால், கடைசியில் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு ஒன்றும் வராது. அவன் போய்க் கேட்டால், மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் "நான் குடுத்துட்டேன்பா" என்பார்கள். அநேகமாக எல்லோரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். எனக்கு இந்தத் தொழிலில் இன்றைக்கும் ஆச்சரியம் இதுதான்.

2. கயிற்றைத் தொடாதீங்க

போன வருஷம் கத்திரி வெயில். கல்கத்தாவிலிருந்து உப்பு போட்ட ஆட்டுத்தோல் ஒரு லோடு ஆம்பூருக்கு வரவேண்டும். என் வண்டி ஆறும் வெளியே போயிருந்தன. ராணிப்பேட்டையில் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் லோகு, "என் வண்டி அங்கதான் காலியா நிக்குது ஏகாம்பரண்ணா, பத்து டயர்" என்றான். பழக்கமான ஆள். அட்வான்ஸாக முக்கால்வாசி வாடகையை அன்றைக்கே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

லோடு வந்து சேர்ந்த அன்று காலை பதினோரு மணிக்கு டேனரி மேனேஜர் அஷ்ரப் பாய் போன் செய்தார். "ஏகாம்பரம், இன்னா பேஜார் இது? உன் வண்டிக்காரன் தார்ப்பாய் கயித்த அவுக்க உடமாட்றான். சீக்கிரம் வா."

போனேன். கேட்டுக்கு வெளியே லாரி நின்றது. அடியில் உப்புத் தண்ணீர் சொட்டி ரோட்டில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஈ மொய்த்தது. லாரியின் படியில் நாற்பது வயது ஆள் ஒருவர் கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் நல்லசிவம், சங்ககிரிக்காரர். டிரைவரும் அவர்தான், ஓனரும் அவர்தான். இருப்பது அந்த ஒரு வண்டி.

"கயித்தைத் தொடாதீங்கண்ணா," என்றார். "டீசலுக்கு மட்டும் கொஞ்சம் போட்டுட்டு, மீதி அட்வான்ஸ் வழியில வந்துரும்னு சொன்னானுங்க. வரல. ரெண்டு நாளா போன் ஆஃப். வாடகை வரட்டும், நானே அவுத்து உடறேனுங்க."

"யார் சொன்னது? லோகுவா?"

"லோகுன்னா யாருங்க?"

அஷ்ரப் பாய் தார்ப்பாயின் ஓரத்தில் கைவிட்டு ஒரு தோலை இழுத்து, கட்டைவிரலால் முடியைப் பிடித்துப் பார்த்தார். முடி கையோடு வந்தால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "இன்னும் புடிச்சிருக்கு," என்றார். "இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் உதிர்ந்துடும். உதிர்ந்தா, மொத்த லோடும் உன் தலைலதான்."

அவருக்குத் தோல் போகும். நல்லசிவத்துக்கு வாடகை வராவிட்டால் அந்த மாத டியூ நின்று ஃபைனான்ஸ்காரன் வண்டியையே இழுத்துக்கொண்டு போவான். வேறு யாராக இருந்தாலும் அங்கே கத்தியிருப்பார்கள். நான் லாரியைச் சுற்றி ஒரு நடை போனேன். டயரை எண்ணினேன். பன்னிரண்டு.

அங்கேயே நின்று லோகுவுக்குப் போன் போட்டேன். "லோகு, உன் வண்டி வந்துட்ச்சி. எத்தனை டயர்னு சொன்ன?"

"பத்துண்ணா. ஏன்?"

"எண்ணிப் பாத்தேன், ரெண்டு ஜாஸ்தி இருக்கு. வழியில குட்டி போட்ச்சா?"

லோகு இருமினான். பிறகு ஒத்துக்கொண்டான். அவன் வண்டி அன்று பிரேக்டவுன். எங்கள் தொழில் ஆட்கள் இருக்கிற போன் குரூப்பில் லோடைப் போட்டிருக்கிறான். ஏதோ ஒரு புது ஆபீஸ் எடுத்துக்கொண்டது. ஆளைப் பார்த்ததில்லை, பேசியதுமில்லை, எல்லாம் மெசேஜ்தான். தன் கமிஷன் போக அட்வான்ஸை அன்றைக்கே அனுப்பிவிட்டானாம். அனுப்பிய ரசீதும் வைத்திருந்தான். அவன் கொடுத்த நம்பரும் நல்லசிவத்திடம் இருந்த நம்பரும் ஒன்றே.

"ஆனா ஒண்ணுண்ணா," என்றான் லோகு. "அவன் பேரம் பேசவே இல்ல. நீங்க எனக்கு என்ன ரேட் குட்த்தீங்கன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவனே மெசேஜ்ல போட்டான். 'ஏகாம்பரம் இவ்ளோ குட்த்திருக்காரு, ஆயிரம் நீ எட்த்துக்கோ, மீதிய அனுப்பு'ன்னு."

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் காது ஆனது. அந்த ரேட் லோகுவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவதாக அது இருக்கிற ஒரே இடம் என் ஆபீஸ் புக்கிங் நோட்டு.

ஆபீஸில் அன்று இரண்டு பேர். பில் போடும் சரோஜா. என் மனைவியின் தம்பி தணிகாசலம், ஏழு வருஷமாக என்னோடு இருக்கிறவன். வண்டி வந்து நிற்கிற விஷயத்தை இருவருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. ஆபீஸ் போனில் கூப்பிட்டேன். சரோஜா எடுத்தாள்.

"கல்கத்தா வண்டி எத்தனை டயர்மா?"

"நோட்ல பத்துன்னு இருக்குண்ணா."

"சரி, தணிகாகிட்ட குடு."

நல்லசிவத்துக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். தணிகா வந்தான். அதே கேள்வி.

"பன்னெண்டு டயர் மாமா," என்றான், யோசிக்காமல்.

கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றார் நல்லசிவம். "இந்தக் குரல்தானுங்க! இவருதானுங்க லோடு குடுத்தது!"

ஸ்பீக்கரில் அது தணிகாவுக்கும் கேட்டது. நான் கூப்பிட்டது எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அரைமணி நேரத்தில் டேனரிக்கு வந்துவிட்டான். மறைக்கவில்லை. தனியாக ஒரு சிம் வாங்கி, எங்கள் நோட்டில் வெளியே போகிற லோடையெல்லாம் பார்த்து, சுற்றி வந்து அதையே வாங்கியிருக்கிறான். முதல் நாலைந்து லோடுக்கு வாடகை ஒழுங்காகக் கொடுத்தானாம். ஒரு வண்டிக்குக் கொடுக்க வேண்டியதை அடுத்த லோடின் அட்வான்ஸிலிருந்து கொடுப்பது. அப்படியே உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். இந்தத் தடவை அடுத்த லோடு கேன்சல்; நல்லசிவத்துக்குக் கொடுக்கக் கையில் காசில்லை.

"ஏமாத்தணும்னு இல்ல மாமா. நீங்க கூட இப்படித்தான ஆரம்பிச்சேன்னு சொல்வீங்க."

"நான் ஆரம்பிச்சப்ப போன ஆஃப் பண்ணலடா."

நல்லசிவத்தின் முழு வாடகையையும், அன்றைக்கு வண்டி நின்றதற்கான ஹால்ட்டிங் காசையும் என் கணக்கிலிருந்து அங்கேயே அனுப்பினேன். ஒரே லோடுக்கு இரண்டு தடவை வாடகை கொடுத்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். மெசேஜ் வந்ததைப் பார்த்துவிட்டு, சொன்னபடி அவரே கயிற்றை அவிழ்த்தார். அடி அடுக்கில் மட்டும் கொஞ்சம் தோலில் முடி கையோடு வந்தது. அந்த நஷ்டத்தையும் நானே ஏற்றேன்.

போகும்போது நல்லசிவம் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்கண்ணா. உங்க மச்சினன்கறதால குடுத்தீங்க. வேற எவனாவது செஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "மாட்டேன். லோகுவைக் கேளுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"அதைத்தானுங்க எல்லா ஊர்லயும் சொல்றாங்க," என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

3. தெரிந்துகொண்டது

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, லோடு கொடுக்கும்போது வண்டி நம்பரை மட்டும் வாங்காதீர்கள். நம்பரை யாரும் மெசேஜில் அனுப்பலாம். எத்தனை டயர், தார்ப்பாய் புதுசா பழசா, டிரைவர் எந்த ஊர் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வண்டியைக் கண்ணால் பார்த்தவன் உடனே சொல்வான். பார்க்காதவன் இருமுவான். தெரிந்திருக்கக் கூடாதவன் சொல்லிவிட்டாலும் விழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சரக்குக்காரரிடம் முதலில் லோடு எடுத்த ஆபீஸ் எதுவோ, அதுதான் கடைசி வண்டிக்காரனுக்குப் பொறுப்பு. நடுவில் எத்தனை கை இருந்தாலும் சரி. முதலில் வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிடு, பிறகு உன் ஆளைப் பிடித்து வாங்கிக்கொள். என் ஆபீஸில் அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. இதனால் இரண்டு தடவை கை சுட்டது. ஆனால் கல்கத்தாவில் இப்போது என் பெயரைச் சொன்னால் வண்டி கிடைக்கிறது.

தணிகா இன்னும் என்னிடம்தான் இருக்கிறான், அன்லோடிங் யார்டில். சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டிருக்கிறது. "தம்பி பேர ஏன் ஊருக்கெல்லாம் சொல்றீங்க?" என்று என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. அவனையே கேட்டேன். "எழுதுங்க மாமா. ஆனா கேட்ட உடனே நான் ஒத்துக்கினேன்னும் எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

இப்போது சங்கத்துக்கு ஒரு வார்த்தை. புது புக்கிங் ஆட்களுக்கு நீங்கள் அடித்து ஒட்டியிருக்கிற நோட்டீஸில் முதல் வரியே "வண்டிக்கு எத்தனை டயர் என்று கேட்கவும்" என்று இருக்கிறது. கீழே "செயற்குழு" என்று போட்டிருக்கிறீர்கள். செயற்குழுவில் யாரும் அன்று வெயிலில் நின்று டயர் எண்ணவில்லை. வண்டிக்காரனுக்கு முதல் ஆபீஸே கொடுக்கணும் என்று நான் கூட்டத்தில் எழுந்து சொன்ன இரண்டாவது வரி நோட்டீஸில் இல்லவே இல்லை. காசு கேட்காத வரியை எடுத்துக்கொண்டு, காசு கேட்கிற வரியை விட்டுவிட்டீர்கள்.

அடுத்த நோட்டீஸில் இரண்டு வரியும் வரவேண்டும். அடியில் என் பெயரும் வரவேண்டும். பெயரை மட்டும் போடக் கூச்சமாக இருந்தால், "சொந்த மச்சானைப் பிடித்த ஏகாம்பரம் சொன்னது" என்று முழுசாகவே போடுங்கள். எனக்குச் சம்மதம்.