ஆப் கண்ட மிளகு

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதால், தட்டைப் படம் பிடித்தால் கலோரி சொல்லும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினேன். முதல் நாளே தயிர்சோற்றில் மிளகுத்தூள் என்றது. சனியனுக்குக் கண் அவிந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே பட்டியலிலிருந்து மிளகுத்தூளை அழித்தேன். மறுநாள் இட்லியிலும் மிளகுத்தூள்.

“இன்னாமே, எல்லாத்துலயும் மிளகைத் தூவுறியா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“வூட்ல மிளகே இல்ல. தீந்து ஒரு வாரமாவுது.”

ஜன்னலைச் சாத்தினேன். தட்டைக் கழுவித் துடைத்து, வேறொரு இட்லியை வைத்துப் படம் பிடித்தேன். மறுபடியும் மிளகுத்தூள். இட்லியை விரலால் வழித்தேன். எண்ணூரில் நாங்கள் தினமும் மாடியிலிருந்து பெருக்கித் தள்ளும் அதே அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் விரலில் ஒட்டியிருந்தது.

பக்கத்தில் குழந்தை பால்சோறு தின்றுகொண்டிருந்தது. அந்தக் கிண்ணத்தை மட்டும் நான் படம் பிடிக்கவில்லை.