பத்து ஐம்பதுக்கு எடுத்த முதுகு

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு எழுத்தருக்கு ஊரில் இரண்டு பெயர். அலுவலகத்துக்குள் 'சார்'. வெளியே 'முதுகுக்காரர்'. இரண்டாவது பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய கேமரா. வாரத்தில் மூன்று நாள் காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துறைமுகத் தெருவிலிருந்து மீன் இறங்கும் மேடை வரைக்கும், அங்கிருந்து ஐஸ் ஆலைச் சந்து வழியாகக் கடற்கரைச் சாலை வரைக்கும் நடப்பார். பதினோரு வருடமாக நடக்கிறார். இந்தப் பதினோரு வருடத்தில் அவர் எடுத்த மனிதர்களில் முகம் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"முகம் நடிக்கும். முதுகுக்கு நடிக்கத் தெரியாது" என்பார். இதைக் கலை நுட்பம் என்று நினைத்துத் தலையாட்டியவர்கள் உண்டு. உண்மை அவ்வளவு நுட்பமானதல்ல. முன்னால் போய் நின்று எடுத்தால் ஆட்கள் "என்ன?" என்று கேட்பார்கள். யாராவது அப்படிக் கேட்டால் அவருக்கு வியர்த்துவிடும். அலுவலகத்திலும் அதே கதைதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம் பெயர், தெரு, எத்தனை நாளாக என்று குனிந்த தலை நிமிராமல் கேட்டு எழுதி முடித்துவிடுவார்.

நடைக்கென்று ஒரு மேலங்கி வைத்திருந்தார். அதில் பதினான்கு பைகள். ஒன்றில் கைக்குட்டை, மீதிப் பதின்மூன்றில் காற்று. சத்தம் வராத செருப்பு. போன் ஊமையாகக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி, மணி, இடம் மூன்றையும் எழுதி வைப்பார். புகார் எழுதிய கை.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்து இடது கண்ணில் மங்கல் விழ ஆரம்பித்திருந்தது. கணவரின் படங்களை முதல் நான்கைந்து வருடம் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். "ஊரே நம்ம வீட்ல வந்து மூஞ்சிய திருப்பிக்கிட்டு நிக்குது" என்பாள். ஒருமுறை அச்சகத்தின் அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். "நான் போஸ் குடுக்கிற படமெல்லாம் எடுக்கிறதில்லம்மா, உனக்குத் தெரியாதா?" என்றார். அவள் மூலைக்கடை ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டாள்.

இப்படி இருந்தவருக்கு ஒரு நாள் யோகம் அடித்தது. துறைமுக அலுவலகம் வருடா வருடம் போடும் நாட்காட்டிக்கு இந்த முறை ஊர்க்காரர்களிடமே படம் கேட்டிருந்தார்கள். அவர் முப்பது முதுகுகளை அனுப்பினார். அதில் ஒன்று அட்டைப்படத்துக்குத் தேர்வாகிவிட்டது. கடற்கரைச் சாலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண், பின்னாலிருந்து. பெஞ்சில் அவள் மட்டும். எதிரே கடல். பக்கத்தில் மடக்கிய குடை. ஒரு கால் செருப்பைக் கழற்றி, அந்தப் பாதத்தை மற்றப் பாதத்தின் மேல் வைத்திருந்தாள். தலைப்பு: 'யாருக்காகவோ'.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்தது. படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அட்டைக்கு வேறு படம்.

பதினோரு வருடத்தில் படம் எடுத்த யாரிடமும் பெயர் கேட்காதவர் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்? அன்று மாலை மனைவியிடம் படத்தை நீட்டினார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"எப்ப எடுத்தது?"

அவர் உற்சாகமாகத் தேதியைச் சொன்னார். "காலையில பத்து அம்பது. என்ன ஒரு லைட் தெரியுமா அன்னிக்கு!"

"நல்லா வந்திருக்கு" என்றாள். வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதை அவர் மறந்திருந்தார். மனைவியைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகத்தான் அவர் அரை நாள் லீவு போட்டிருந்தார். பத்து மணிக்குக் கடற்கரைச் சாலை நிறுத்தத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி முன்னதாகவே கேமராவோடு கிளம்பினார். ஐஸ் ஆலைச் சந்தில் வெளிச்சம் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஒரு கைவண்டி, அதன் பின்னால் ஒரு நாய், நாயின் பின்னால் அவர். நிறுத்தத்தின் பின்பக்கம் வந்தபோது பெஞ்சில் ஒரு அருமையான முதுகு. மூன்று முறை அமுக்கினார். அப்போது தலையில் நிலைக்கண்ணாடியைச் சுமந்துகொண்டு ஒருவன் போக, அவன் பின்னால் போய்விட்டார். ஒரு மணிக்கு ஞாபகம் வந்து போனைப் பார்த்தபோது ஆறு அழைப்புகள். "ஆபீஸ்ல பெரிய குழாய் வெடிச்சிருச்சு, உடனே வரச் சொல்லிட்டாங்க" என்று வீட்டில் சொன்னார். மருத்துவமனையில் அடுத்த தேதி இரண்டரை மாதம் தள்ளிக் கிடைத்தது.

அதாவது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவருக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். இது அவரைத் தவிரப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை படத்தை ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். முதலில் நிறுத்தத்துக்குப் பின்னால், சாலையின் மறுபக்கம் இருக்கும் ரொட்டிக் கடை. கடைக்கார அம்மா படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இந்தம்மாவையா தேடுறீங்க?"

"ஆமா. இங்க அடிக்கடி வருவாங்களா?"

"செருப்ப கழட்டிட்டு கால் மேல கால் வச்சுக்குவாங்களே, அவங்கதானே? தெரியாம என்ன. அன்னிக்குக் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தாங்க. நான்தான் டீ குடுத்து அனுப்புனேன்."

"யாருங்க அவங்க?"

அந்த அம்மாள் ரொட்டித் தட்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. "நீங்க ஒண்ணு பண்ணுங்க சார். வீட்ல கேட்டுப் பாருங்க."

அடுத்தது குடை ரிப்பேர்க்காரர். அவர் படத்தைக் கண்ணருகே பிடித்தார்.

"அண்ணே, இந்தக் குடை நம்ம கையில வந்த குடை. மூணாவது கம்பியில பச்சை நூல் தெரியுது பாருங்க. கறுப்பு நூல் தீர்ந்துபோச்சுன்னு பச்சையில தச்சேன். 'பரவால்ல, என் வீட்டுக்காரர் கவனிக்கவா போறாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

"யாரு?"

"அட, வீட்ல கேளுங்கண்ணே!"

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் அதையே சொன்னார். அதோடு நிற்காமல், "சார், நான் உங்க வீட்டுக்கு ரெண்டே ரெண்டு தடவைதான் வந்திருக்கேன். எனக்கே தெரியுது" என்றார். முதுகுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கலைஞன் உதவி கேட்டால் 'வீட்டுக்குப் போ' என்று விரட்டுகிற ஊர் இது என்று முடிவுகட்டினார். படைப்பின் அருமை தெரியாத ஜனங்கள்.

வியாழக்கிழமை மாலை சோர்ந்துபோய் வந்து கூடத்து விளக்கின் கீழ் படத்தை விரித்துப் போட்டார்.

"ஊருக்கே பைத்தியம் பிடிச்சிருச்சு. யாரைக் கேட்டாலும் வீட்ல கேளு, வீட்ல கேளுங்கிறான்."

"கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"உன்கிட்ட என்னத்த கேக்குறது? நீ வீட்டுக்கும் அச்சாபீசுக்கும் போய்ட்டு வர்றவ."

அவள் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். அந்தப் பாதத்தைத் தூக்கி மற்றப் பாதத்தின் மேல் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. லைட்ட மறைக்கிற" என்றார் அவர்.

அவள் தள்ளவில்லை. கையை நீட்டிக் கதவோரம் சாய்த்திருந்த குடையை எடுத்து, வீட்டுக்குள்ளேயே விரித்தாள். மூன்றாவது கம்பியில் பச்சை நூல்.

அவர் குடையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு அந்த முதுகைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாகச் சமையலறையிலும், துணி காயும் கொடியின் கீழும், கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பியும் அவர் பார்த்துவந்த முதுகு. நெற்றியில் வியர்த்தது.

"குழாய் வெடிச்சிருச்சுன்னு சொன்னீங்க" என்றாள், திரும்பாமலே.

"அது... வந்து..."

"பத்து அம்பதுக்கு அங்கதான் இருந்திருக்கீங்க. நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

அவர் மெல்ல, "கையெழுத்து?" என்றார். கேட்டதும் தனக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டார். அட்டைப்படம் அல்லவா.

"போடுறேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, அதே பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. அங்க போடுறேன்."

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். பத்து ஆயிற்று. பத்தே கால். பத்தரை. போன் போட்டார், எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் துறைமுக அலுவலகத்தில் இருக்க வேண்டும், அது அரை மணி நடை. கடலில் வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. இரண்டு மீனவர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நடந்தார்கள். கை தானாகக் கேமராவுக்குப் போனது. எடுத்தால் அந்த நேரம் பார்த்து அவள் வந்துவிடுவாளோ என்று கீழே விட்டார். பதினோரு வருடத்தில் அவர் விட்ட முதல் முதுகுகள் அவை.

பத்து ஐம்பதுக்கு ரொட்டிக் கடையிலிருந்து டீ வந்தது. "அனுப்பச் சொன்னாங்க" என்றாள் கடைக்கார அம்மா, எதிரே நின்றபடி. யார் சொன்னது என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

பதினொன்று பத்துக்கு அந்தக் கடையின் உள்ளறையிலிருந்து மனைவி வந்தாள். பத்து மணியிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"ரொம்பக் கூன் விழுந்துருச்சு உங்களுக்கு" என்றாள். "பின்னாலேந்து பாத்தாதான் தெரியுது. எங்க, அதக் குடுங்க. திரும்புங்க."

அவரைத் திருப்பி நிறுத்தி, படிவத்தை அவர் முதுகின் மேல் வைத்து எழுதினாள். பேனா மேலங்கியையும் தாண்டி உறுத்தியது. எழுதிக்கொண்டே போனாள்.

"கையெழுத்து இவ்வளவு நீளமா?"

"ஆடாதீங்க. கோணிக்கும்."

வாங்கிப் பார்த்தார். கையெழுத்து சரியான இடத்தில் இருந்தது. மேலே 'யாருக்காகவோ' என்ற தலைப்பை அச்சகத்துப் பழக்கத்தில் ஒரே கோடாக அடித்துவிட்டு, ஓரத்தில் அழகான எழுத்தில் திருத்தியிருந்தாள்: 'பத்து மணிக்கு வருகிறேன் என்றவருக்காக.'

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பேருந்து வந்து நின்றது. மருத்துவமனைப் பக்கம் போகும் பேருந்து. அவள் படியில் கால் வைத்தாள்.

"எங்க போற?"

"கண் டாக்டர்கிட்ட. ரெண்டரை மாசம் இன்னியோட முடியுது. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தேன், நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மருந்து ஊத்தினா கண்ணு தெரியாது, துணைக்கு ஆள் வேணும்னு சொல்லியிருக்காங்க." இரண்டாவது படியில் ஏறித் திரும்பினாள். "வர்றீங்களா, இல்ல லைட் நல்லா இருக்கா?"

துறைமுகம் இந்தப் பக்கம். மருத்துவமனை அந்தப் பக்கம். மணி பதினொன்றே கால். லைட் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருட நாட்காட்டியின் அட்டையில், முந்தைய வருடங்களைப் போலவே, கலங்கரை விளக்கம்தான் வந்தது. நான்காக மடித்த படிவம் மேலங்கியின் இரண்டாவது பையில் இருக்கிறது. மீதிப் பன்னிரண்டில் இன்னும் காற்றுதான்.