மாட்டுப் பொங்கலுக்கு ஏற்றிய சூடு

“தங்கச்சி, கேஸ் வரலைலா! பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்ல. சீக்கிரம் வா!”

ஜெஞ்சாரோம் என்ற ஊரில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ராஜு அண்ணன் போனில் கத்தினார். சாணத்திலிருந்து சமையல் கேஸ் எடுக்கும் டேங்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தவள் நான். அவர் மனைவி லெட்சுமி அக்கா, மாட்டுப் பொங்கலன்று சாணக் கேஸிலேயே பானை பொங்கும், வந்து பாருங்கள் என்று சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தார். சாண அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுவதா என்று முகம் சுளித்தவர்கள்தான் அவர்கள். அக்காவின் மானமே அந்தப் பானையில் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் ஆபீசில் பாஸ், “எப்படியாவது செட்டல் பண்ணிடும்மா” என்றார். செட்டல் பண்ணுவது என்றைக்கும் நம் வேலைதானே!

பண்ணைக்குள் நுழைந்ததுமே டேங்க் பக்கமிருந்து புளித்த வாடை. மழைக்காலத்தில் டேங்க் குளிர்ந்தால் கேஸ் குறையும் என்று ஹீட்டரை முப்பத்தேழு டிகிரியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். இப்போது முள் ஐம்பத்தைந்தில் நின்றது.

“அண்ணே, இதத் திருகினது யாரு?”

“நான்தான்லா. குளிர்ந்தா கேஸ் வராதுன்னு நீதான சொன்ன? அப்ப சூடு ஏத்துனா நிறைய வரணும்ல!”

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கேஸைக் கொடுப்பவை டேங்குக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். ஐம்பத்தைந்தில் வாழும் வகையும் உண்டு, ஆனால் அது வேறு கூட்டம். முப்பத்தேழில் பழகியவற்றைத் திடீரென்று அங்கே தூக்கிப் போட்டால் தாங்காது.

சூட்டை இறக்கினேன். மிஞ்சிய நுண்ணுயிர்கள் தேறும்வரை புதுச் சாணம் போடுவதை நிறுத்தச் சொன்னேன். பந்திங் பக்கம் நன்றாக ஓடும் இன்னொரு டேங்கிலிருந்து உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்த கரைசலைப் பீப்பாய்களில் அள்ளி, லோரியில் கொண்டுவந்து ஊற்றினோம். டிரைவர் மூக்கைக் கட்டிக்கொண்டு வழிநெடுக என்னைத் திட்டினார்.

மாட்டுப் பொங்கலன்று அடுப்பு எரிந்தது, ஆனால் சின்னத் தீ. அக்கா பெரிய பானையை உள்ளே வைத்துவிட்டுச் சின்னப் பானையை எடுத்து வந்தார். சொந்தங்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணி, கடையில சிலிண்டர் வாங்கியாரவா?” என்றார் அக்காவின் கொழுந்தன்.

“சும்மா இருங்க தம்பி.”

ஒருவழியாகப் பால் நுரைத்து விளிம்பைத் தாண்டியது. எல்லாரையும்விடச் சத்தமாக “பொங்கலோ பொங்கல்” என்று கத்தியது நான்தான். கண்கூடக் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

சாப்பிடும்போது அக்கா கேட்டார்: “டேங்குக்குள்ள இருக்கே அந்தக் கிருமி, அது எங்கேருந்து வருது தங்கச்சி?”

“மாட்டு வயித்துலேருந்துதான்கா.”

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். “மாட்டுக்கு உடம்பு லேசா சுட்டாலே டாக்டரக் கூப்பிடுறீங்க. அது வயித்துல இருந்து வந்தத இப்படி வேக வச்சிட்டீங்களே!”

அன்றிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனாலும் நான் பாடம் நடத்துவதில்லை. மாட்டின் மேல் கைவைத்துப் பார்க்கச் சொல்வேன். “இந்தச் சூடு போதும்ணே. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”