தேரன்று கேட்காமல் போன செருமல்

என் கணவர் ராகவேந்திரன் பயப்படாத பொருள் இந்த மயிலாப்பூரில் ஒன்றுகூடக் கிடையாது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போவார். மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவார். லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் படியேறுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் தெரியும்.

ஆனால் ஒரு பயத்தை மட்டும் நான் கேலி செய்ததில்லை. அது அவருடைய அண்ணா ஸ்ரீரங்கனைப் பற்றியது. அண்ணாவுக்கு வலிப்பு உண்டு. மனைவி காலமாகிவிட்டாள், ஒரே பிள்ளை ஷ்ரவண் அமெரிக்காவில். மாட வீதியில் எங்களுக்கு நேர் எதிர்வீட்டு மாடியில் தனியாக இருந்தார். "எங்காத்துக்கே வந்துடுங்கோ அண்ணா" என்று நானும் எத்தனையோ தரம் கூப்பிட்டாயிற்று. "என் வாசப்படி எனக்கு" என்பார். ஒருநாள் அங்கே வீடு பெருக்கப் போன வேலைக்காரி தேவானை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, பெரிய சாமி கொயா கிட்ட வியுந்து கெடக்குது. மண்டையெல்லாம் ரத்தமா கீது. சீக்கிரம் வாங்க."

எவ்வளவு நேரம் அப்படிக் குழாயடியில் கிடந்தாரோ தெரியாது. அன்றிலிருந்து என் கணவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் ஒரு கம்பெனியில் கணக்கர். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பயம் மறந்து கை நீளும். ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, திறந்து போட்டு, அதை 'ரவுட்டர்' ஆக்கினார். ஒரே டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட்டை இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் பெட்டி அது. அதிலிருந்து ஒரு கேபிள் தெருவைக் கடந்து அண்ணாவின் மேஜைக்குப் போயிற்று. பிள்ளைக்கு ஈமெயில் எழுத என்று பெயர். உண்மையில் அந்த மேஜையில் ஒரு மைக் இருந்தது. அண்ணா அறையின் சத்தமெல்லாம் எங்கள் கூடத்து ஸ்பீக்கரில் கேட்கும். நாற்காலி இழுபடும், ரேடியோ செய்தி வாசிக்கும், எல்லாவற்றுக்கும் நடுவில் அண்ணா செருமுவார்.

ரசஞ்சாதம் பிசைந்து வாயருகே கொண்டு போகும்போது ஸ்பீக்கரில் "க்ஹூம்" என்று வரும். "இருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் இவர் கவளத்தை வாயில் போடுவார். எனக்கு எரிச்சலாக வரும். அண்ணாவுக்கு நெஞ்சில் கபம் கட்டியிருக்கிறது என்று நினைத்து, சுக்குக் கஷாயம் போட்டுத் தேவானையிடம் கொடுத்தனுப்புவேன். கஷாயம் போனதுதான் மிச்சம், செருமல் நிற்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் பங்குனித் திருவிழா வந்தது. தேருக்கு முன்னால் தெருவின் குறுக்கே போகும் வயர்களையெல்லாம் இறக்க மின்வாரியத்து ஆட்கள் வந்தார்கள்.

"இன்னா சார் இது, இவ்ளோ தாழ கீது? கழட்டிடு சார். இல்லாங்காட்டி நானே அறுத்துடுவேன்" என்றார் ஏணியில் நின்றவர்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஷ்ரவண் அமெரிக்காவிலிருந்து இரண்டு ரேடியோ கார்டுகள் அனுப்பியிருந்தான். இந்த வீட்டுப் பெட்டியில் ஒன்று, அந்த வீட்டில் ஒன்று செருகினால் கேபிளே வேண்டாமாம். ஆனால் சர்க்கார் அனுமதியில்லாமல் ரேடியோ அலை விட்டால் போலீஸ் வரும் என்று இவர் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அண்ணா பயம் போலீஸ் பயத்தை வென்றது. பீரோ திறந்தது.

கார்டு புதுசு, ரவுட்டருக்குள் இருந்த மென்பொருள் பழசு. கார்டில் பச்சை விளக்கு எரியும். திரையில் மட்டும் அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை என்று எழுத்து வரும். கழற்றினார், துடைத்தார், வேறு இடத்தில் செருகினார். ராகவேந்திர ஸ்வாமிக்கு வேண்டிக்கொண்டார். கடைசியில் பழைய மென்பொருளுக்குத் தெரிந்த கார்டுகளின் வரிசையில் இந்தக் கார்டின் எண்ணையும் நுழைத்தார். அது நம்பிவிட்டது. தேருக்கு முதல்நாள் சாயங்காலம் ஸ்பீக்கரில் "க்ஹூம்" என்று வந்தது. நான் அவர் வாயில் சர்க்கரை போட்டேன்.

மறுநாள் காலை எங்கள் பால்கனிக்குக் கீழே பந்தோபஸ்து போலீஸார் வந்து நின்றார்கள். கையில் வாக்கி டாக்கி, அது கரகரவென்று பேசிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்த இவர் வெளிறிப் போனார்.

"சாரு, நம்ம அலை அவா அலையில போய் விழறதோ என்னமோ" என்று என்னிடம் சொன்னவர், உள்ளே ஓடி கார்டின் சேனலை மாற்றினார். இரண்டும் ஒரே சேனலில் இருந்தால்தான் சத்தம் வருமாம்; அண்ணா வீட்டுக் கார்டையும் இங்கிருந்தே மாற்றிவிட்டதாகச் சொன்னார். அதோடு ஸ்பீக்கர் ஓய்ந்தது.

விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. செருமல் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தோம். அண்ணா வீட்டு நம்பருக்கு டெலிபோன் செய்தோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

"தெருவே மேளச் சத்தத்துல அதிர்றது. அதுகூட ஸ்பீக்கர்ல வரலையே. அப்போ கார்டுதானே கெட்டுப்போயிருக்கணும்?" என்றேன்.

"மைக் கீழ விழுந்து உடைஞ்சிருந்தா? அவன் அதும்மேலயே விழுந்திருந்தா?"

நியாயம் என் பக்கம்தான் இருந்தது.  ஆனாலும் அவர் சொன்னதும் அந்தக் குழாயடி ரத்தம் கண்ணெதிரே வந்து நின்றது.

இறங்கினோம். தேர் சரியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது. ரேஷன் கடைக் கூட்டத்தைக் கண்டாலே திரும்பி வந்துவிடும் மனிதர், அத்தனை ஜனத்தையும் இடித்துக்கொண்டு போய், விறைத்து நின்ற வடத்துக்கு அடியில் குனிந்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். வாக்கி டாக்கி இவர் காதுக்குப் பக்கத்திலேயே இரைந்தது.

"எங்கண்ணா, வலிப்பு சார்" என்றார். எதிர் மாடியைக் கைகாட்டினார். அந்தப் போலீஸ்காரரே கையை நீட்டி வழிவிட்டார்.

மாடியேறினோம். கதவு சாத்தியிருந்தது, தாழில்லை. தள்ளினோம்.

அண்ணா மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. செருமினார். எங்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முயன்றார்.

"என்னடா, கேக்கறதா? இந்த மேளத்துல எனக்கே ஒண்ணும் காதுல விழலை, உனக்குக் கேக்காதேன்னு கார்த்தாலேர்ந்து விடாம செருமிண்டே இருக்கேன்."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு கஷாயம் குடிச்சும் கபம் போகலையா அண்ணா?" என்றேன்.

"எனக்கு ஏதும்மா கபம்? இவன் அங்க சாப்பிடாம உக்காந்திருப்பானேன்னு செருமறேன்."

தேர் நகர்ந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அண்ணா வீட்டுக் கார்டு பழைய சேனலிலேயேதான் இருந்தது. இவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை மாற்றினார்.

அன்று சாப்பிட உட்காரும்போது ஸ்பீக்கரில் "க்ஹூம்" வந்தது. தொண்டை கட்டிப்போன, கம்மிய செருமல்.

"இனிமே செரும வேண்டாம்னு சொல்லிடுங்கோளேன், பாவம்" என்றேன்.

"சொன்னேன். கேக்க மாட்டேங்கறான். நான் செருமலேன்னா உனக்குச் சோறு எறங்குமாடான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கவளத்தை வாயில் போட்டார்.