ஜார்ஜியா கோயிலில் ஏற்றிய மெழுகுதிரி

துபாய் விசா கையிலிருந்தால் ஜார்ஜியாவுக்குத் தனி விசா தேவையில்லை. அதனால் ஈத் லீவு விட்டதும் துபாயில் நாங்கள் இருக்கிற அல் குசைஸில் பாதிப் பேர் அங்கேதான் கிளம்புவார்கள். போன ஈதுக்கு நானும் என் கணவரும் போனோம். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அதே வாரம்தான் தூத்துக்குடியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். "லீவு தரமாட்டேங்காங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் வேலை பார்க்கிற மகள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்துக் கோயிலுக்கு வழிகாட்டிப் பெண் கூட்டிப்போனாள். ரொம்பப் பழைய கற்கோயில், உச்சியில் சிலுவை. உள்ளே சாம்பிராணி வாசம். கணவர் வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் விற்ற அம்மாளிடம் ஒரு மெழுகுதிரி வாங்கி, அம்மாவை நினைத்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் இருந்த தாழ்வான மணல் தட்டில் ஏற்றி வைத்தேன். எங்கள் ஊர்க் குருசடியில் அப்படித்தான் சிலுவையின் காலடியில் வைப்போம்.

மெழுகுதிரி விற்ற அம்மாள் வந்து என் தோளைத் தொட்டு இரக்கத்தோடு ஏதோ கேட்டாள். வழிகாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னாள். உங்கள் வீட்டில் யார் இறந்துபோனார்கள் என்று கேட்கிறார். இந்தத் தட்டு இறந்தவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்களுக்கு அங்கே, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

வெடுக்கென்று பிடுங்கினேன். சூடான மெழுகு விரலில் கொட்டியது. மாதா படத்தடியில் மாற்றி வைத்தும் மனம் ஆறவில்லை. பொய் சொன்னது போதாதென்று பெற்றவளுக்கு இதையும் செய்தேனே, நானெல்லாம் ஒரு மகளா என்றிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

அவள் என்னைப் பேசவிடவில்லை. "எதுக்குட்டி டியூட்டி நேரத்துல போன் போடுத? எனக்கு ஒண்ணுமில்ல, ஒங்க அண்ணி கூடத்தான் இருக்கா. மக வரலையான்னு இங்க ஒருத்தி கேட்டா. எம் மகளுக்கு லீவு கெடச்சா பறந்துல்லா வந்திருப்பான்னு சொல்லிட்டேன்."

"அம்மா, நான் வந்து..."

"அழாத. போன வச்சிட்டுப் போயி நோயாளியப் பாரு" என்றாள்.

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.