வண்டி நின்றதா, நிறுத்தினோமா: மூன்று சிலிண்டரில் தீகா

1987 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40. லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு வாசல். ஆள் நான்கு, சிலிண்டர் மூன்று, மீட்டரில் 6,212 கிலோமீட்டர்.

ஏன் போனோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பிப்ரவரியோடு எங்கள் பத்தொன்பது வருஷக் கல்கத்தா வாசம் முடிகிறது. சாமான்கள் லாரியில் மெட்ராஸ் போகும். கார்? ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்பது அப்பாவின் ஆசை. என் ஆசையும் அதுதான். ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

“மொதல்ல தீகா வரைக்கும் போயிக் காட்டுங்க. வழியில ஒரு எடத்துல வண்டி நின்னாலும் சரி, காக்குக்குக் குடுத்துட்டு ரயில்ல போவோம்.”

காக்கு என்றால் வங்காளியில் சித்தப்பா; எங்களுக்கு அது மாடிவீட்டு கோஷ் காக்கு. பழைய பெரிய கார்களையே முப்பது வருஷம் ஓட்டியவர். எங்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார், அதுவும் எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழ். எங்கள் புதுச் சின்னக் காருக்கு அவர் வைத்த பெயர் ‘தேஷ்லாய் பாக்ஸோ’, தீப்பெட்டி. “எலே குமார், இதுக்குப் பெட்ரோல் எதுக்கு? ஒரு குச்சி போதும்லா” என்பார். அப்படிக் கிண்டல் செய்துகொண்டே, விற்பதாக இருந்தால் தனக்குத்தான் என்று இரண்டு முறை அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தார். தீகாவுக்கு அவரும் வந்தார். சாட்சிக்காம்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நான்கு கியர். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரங்களை இழுக்கிறது. பெரிய காரில் இதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு கொள்ளளவு உண்டு. ஆனால் அந்த இரும்பு உடம்பை இழுப்பதிலேயே பாதி பலம் போய்விடும். இதில் டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. சூடு ஏறினால்தான் சுற்றும். இந்தக் கார் வந்த முதல் மாதம் வாங்கியவர்களில் பாதிப்பேர் “விசிறி சுத்தல, கெட்டுப்போச்சு” என்று பட்டறைக்கு ஓடினார்கள். கெடவில்லை ஐயா, அது வேலை வரும்வரை காத்திருக்கிறது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் லேசாக நடுங்கும். மூன்று சிலிண்டரென்றால் அப்படித்தான், அதுவும் கோளாறல்ல.

ஒரே ஒரு விஷயத்தில் இந்த எஞ்சின் மன்னிக்காது. ஆயில். மொத்தமே மூன்று லிட்டருக்குள்தான் பிடிக்கும். பெரிய காரில் ஒரு லிட்டர் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு லிட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு.

கிளம்புமுன் நான் கூரைக் கேரியரில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். காக்கு குரங்குக் குல்லாயோடு பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்தே வங்காளியில் கேட்டேன், “காக்கு, தெல் தெகேச்சேன்?” ஆயில் பார்த்தீர்களா என்று.

“தெல்? ஏக்தம் ஃபுல்!” என்றார். பானெட்டை மூடினேன். கிளம்பினோம்.

டாலிகஞ்ச் பக்கம் பனியில் டிராமின் மஞ்சள் விளக்கு மட்டும் நகர்ந்து வந்தது. காளிகாட்டில் அந்த நேரத்திலேயே பூக்கடைகள் திறந்திருந்தன. அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டாள். சௌரங்கியில் மெட்ரோவுக்குத் தோண்டிய காலத்தில் அப்பா எங்கள் பழைய பெரிய காரை வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்ட ஒரு மணி நேரம் தவிப்பார். பின்சீட்டில் நான் கணக்குப்பாடமே முடித்திருக்கிறேன். இன்று ரோடு திரும்ப வந்துவிட்டது. நாங்கள் போகப்போகிறோம். ஹவுரா பாலத்தில் 6.15. எஞ்சின் ஓடும் சத்தமே கேட்கவில்லை. பழைய காரில் அப்படியில்லை. அந்த உறுமல் கேட்டால்தான் சின்ன வயதில் எனக்குத் தூக்கமே வரும்.

அந்தக் கார் 1974-ல் இதே ரோட்டில் எங்களைத் தீகாவுக்கு அழைத்துப்போனது. எனக்கு அப்போது பதினொரு வயது. கோலாகாட் நெருங்கும்போதே சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அம்மா நிறுத்தச் சொன்னாள். “பாலத்தத் தாண்டிரலாம்” என்றார் அப்பா. ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் ஆவி கக்கி நின்றது. பின்னால் லாரி வரிசை. பூஜைக்கு எடுத்த புதுப்புடவையோடு அம்மா வண்டி தள்ளினாள். கரை சேர்ந்து, மண்குவளையில் டீ குடித்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது திருவிழா. அம்மாவுக்கு அப்படி இல்லை என்பது அந்த வயதில் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்குமுன் அந்தக் காரை மல்லிக்பஜாரில் பிரித்து விற்றுவிட்டார்கள். அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

பம்பாய் ரோட்டில் நான்தான் ஓட்டினேன். உலுபேரியா தாண்டி, பாக்னான் தாண்டி, 62-ஆவது கிலோமீட்டர், மணி 7.25. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. பிரேக் பிடித்தேன். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. மறுபடி பிரேக், மறுபடி மினுக்கம்.

ஆயில் குறைந்தால் பிரேக்கிலும் திருப்பத்திலும் மிச்சமிருப்பதும் ஒருபக்கம் ஒதுங்கும்; பம்பு காற்றை உறிஞ்சும். வண்டியை ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டேன்.

“ஏல, என்னத்துக்குல நிறுத்துத?” என்று அப்பா பதறினார். குரலைத் தாழ்த்தி, “மினுங்கத்தான செய்யுது? கோலாகாட் ஆறு கிலோமீட்டர்ல வந்துரும். டீ குடிக்கிற மாதிரி அங்க போயி நிறுத்து.”

“டீ குடிக்கதுக்குள்ள பேரிங் போயிரும்ப்பா.”

“பின்னால ஆளு இருக்குல.”

பின்னால் அம்மாவும் காக்குவும் இருந்தார்கள். இந்த இடத்தில் இறங்கினால் மெட்ராஸ் பயணம் போயிற்று, காரும் போயிற்று. தெரிந்தேதான் இறங்கினேன். ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தேன். நுனியில்கூட ஈரமில்லை.

“காக்கு, ஃபுல்னு சொன்னீங்க!”

“ஃபுல்தான்லே! நேத்து சாயங்காலம் ஒங்கப்பாகூட நானும் பம்புக்குப் போனேன். ரொப்பிட்டுத்தான் வந்தோம்.”

அப்போதுதான் உறைத்தது. நான் வங்காளி கற்றது அடுக்களையில். அம்மாவோடு கடைக்குப் போய்க் கற்றது. அங்கே தெல் என்றால் எண்ணெய். ரோட்டில் கற்றவர்களுக்குத் தெல் என்றால் பெட்ரோல். எஞ்சின் ஆயிலுக்கு ஒரு கம்பெனியின் பெயரையே சொல்லிக் கேட்பார்கள். பத்தொன்பது வருஷம் இந்த ஊரில் இருந்து, இந்த ஒரு வார்த்தையில் மாட்டினேன்.

“நீ தெல்னு கேட்ட, நான் தெல்லுக்குப் பதில் சொன்னேன். தப்பு ஒன் வங்காளியில” என்றார் காக்கு.

பேப்பரை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். ஆயிலை வடிக்கும் வடிகால் திருகு நனைந்திருந்தது. நான்கு நாள் முன்பு ஒரு சின்னப் பட்டறையில் ஆயில் மாற்றியபோது பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள். வீட்டில் வண்டி நிற்பது மண்தரையில்; சொட்டினது தெரியவில்லை. ஸ்பேனரால் இறுக்கினேன். ஆனால் ஊற்ற ஆயில் வேண்டும்.

நான் எழுந்திருப்பதற்குள் காக்கு ரோட்டின் நடுவில் நின்று ஒரு பஸ்ஸை மறித்துவிட்டார். அதில் ஏறிப் போனவர் ஒரு மணி நேரத்தில் செவ்வந்திப்பூ மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து ஒரு சின்ன லாரியில் திரும்பி வந்தார். மடியில் ஆயில் டின்கள். குல்லாயெல்லாம் பூவிதழ். சும்மா இருந்திருந்தாலே கார் அவருடையது.

ஊற்றினேன். ஸ்டார்ட் செய்தேன். விளக்கு உடனே அணைந்தது. எஞ்சினில் புதுச் சத்தம் எதுவும் இல்லை. வழக்கமான நடுக்கம் மட்டும்.

அப்பா நேர்மையான மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். “பேச்சுன்னா பேச்சு. வண்டி நின்னுட்டு. கோஷ், வண்டி ஒங்களுக்குத்தான்.”

காக்கு அம்மாவைப் பார்த்தார்.

“யாரு சொன்னா நின்னுட்டுன்னு?” என்றாள் அம்மா. “நிக்கல. இவன்லா நிறுத்துனான்.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணா? அன்னைக்கு நிறுத்துங்க நிறுத்துங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். நீங்க நிறுத்தல, அதான் அது நின்னுது. நிறுத்தத் தெரிஞ்சவன் ஓட்டுனா மெட்ராஸ் என்ன, கன்னியாகுமரி வரைக்கும் வாரேன்.”

காக்கு தனக்குள் வங்காளியில் சொல்லிப் பார்த்தார். “தாமேனி... தாமியேச்சே.” நிற்கவில்லை, நிறுத்தினான். தலையை ஆட்டினார்; அம்மா அவருக்குப் பௌதி, அண்ணி. “ஆமா பௌதி, எங்க பாஷைலயும் வேற வேறதான். தோத்துட்டேன். இட்லி எங்க?”

8.35-க்குக் கிளம்பி, கோலாகாட்டில் டீ குடித்து, மேச்சேதா, காந்தி என்ற ஊர்கள் வழியாக 12.15-க்குத் தீகா சேர்ந்தோம். வீட்டிலிருந்து 187 கிலோமீட்டர். காந்திக்குப் பிறகு ரோடு ரோடாக இல்லை. மூன்றாவது கியரே அதிகம். தண்ணீர் வடிந்த நேரத்தில் கடற்கரை மணல் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடக்கும், கார் ஓட்டலாம். காக்கு அரை மணி நேரம் ஓட்டினார். சவுக்குத் தோப்பு நிழலிலிருந்து நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் அது தீப்பெட்டி மாதிரிதான் இருந்தது. கல்கத்தா எங்களை எப்படி வைத்திருந்தது என்று நினைத்தால், பஸ்ஸை மறித்த அந்தக் குரங்குக் குல்லாய்தான் இனி எனக்கு ஞாபகம் வரும்.

மறுநாள் திரும்பினோம். போகவர 374 கிலோமீட்டருக்கு 21 லிட்டர் பெட்ரோல். எஞ்சின் நம்பகமானதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நம்பகமானது, நீங்கள் நம்பகமாக இருந்தால். ஆயில் விளக்கு வெறுமனே எச்சரிப்பதற்கு இல்லை; எரிந்தால் அடுத்த ஊர்வரை என்று கணக்குப் போடாதீர்கள். விடியலுக்குப் பின் கிளம்புங்கள், பனிக்காலத்தில் பம்பாய் ரோட்டில் லாரி கண்ணுக்குத் தெரியாது.

மெட்ராஸ் கிளம்புமுன் நான் செய்யப்போவது:

1. வடிகால் திருகுக்குப் புது வாஷர். கையில் இரண்டு உபரி.
2. தினமும் காலையில் ஆயில் குச்சியை நானே எடுத்துப் பார்ப்பது. எந்த மொழியிலும் யாரிடமும் கேட்பதில்லை.
3. டிக்கியில் இரண்டு லிட்டர் ஆயில், ஒரு விசிறி ஃப்யூஸ்.
4. முன்சீட்டை அம்மாவுக்குக் கொடுப்பது. அப்பா பின்னால்.
5. கிளம்பும் அன்று லேக் கார்டன்ஸிலிருந்து ஹவுரா பாலம்வரை காக்கு ஓட்டுவார். கிளட்சின்மேல் காலை வைத்தபடியேதான் ஓட்டுவார். கிளட்ச் தேயும். நான் வாயைத் திறக்கமாட்டேன்.