என் பொண்ணு இப்போ சாமியாம்

காலையில கதவைத் திறந்தா, பக்கத்து வீட்டு கனகம்மா கற்பூரத் தட்டோட நிக்கிறாங்க.

"பாப்பா இன்னிக்கு சிரிச்சாளா? எங்க வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகலாமா?"

என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. பேச்சு வராது, கூப்பிட்டா திரும்ப மாட்டா. நேத்து அவ சிரிச்ச நேரம் பார்த்து சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சு, நாங்க இருக்கிற லைன் வீடெல்லாம் குலுங்கிடுச்சு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. வரப்போறதை அவ சிரிப்பு முன்னாடியே சொல்லுதாம்; அப்போலேர்ந்து அவ சாமியாம்.

போன வாரம், "பேய் புடிச்சதைக் குழாயாண்ட இட்டுனு வராத"ன்னு என் குடத்தை எட்டி உதைச்சதும் இதே கனகம்மாதான். இப்போ பாப்பா கால்ல விழறாங்க.

"சாமியெல்லாம் இல்லக்கா. நான் தண்ணி புடிச்சினு வர்ற வரைக்கும் அவளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னேன்.

"ஐயோ, அடுப்புல சோறு இருக்கு"ன்னு தட்டைத் தூக்கினு ஓடிட்டாங்க.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காதான் வந்து உட்கார்ந்தாங்க. பாப்பா அவங்க கையைக் கடிச்சுட்டா. "கடிச்சா கடிக்கட்டும், நீ போய் தண்ணி புடி"ன்னாங்க.

நாளைக்கு ஸ்டெல்லா அக்கா பேத்தமங்களா ஊருக்குப் போறாங்க, பாப்பாவைப் பாத்துக்க ஆள் இல்ல. கற்பூரம் எல்லாம் வேணாம். சாமிகிட்ட கடி வாங்க யார் வர்றீங்க?